முழங்கை உயரத்தில் ஒரு ரேடியோ மேசை

ஆன்டெனாவுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஹாம் நண்பர்கள் (பொழுதுபோக்காக உரிமம் பெற்று ரேடியோவில் பேசிக்கொள்பவர்கள்), மேசை என்று வந்தால் வீட்டில் சும்மா கிடப்பதை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். கருவிகளுக்கு இடம் கொடுத்தது போக மிச்சமிருக்கும் மூலையில் ஆள் ஒடுங்கி உட்கார வேண்டியதாகிறது. இது எனக்கு ஒப்பவே இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது கைபேசிகள் ஊமையாகிப்போனதை நாம் பார்த்தோம். அப்படி ஒரு நாளில் செய்திகளை ரேடியோவில் வாங்கிக் கடத்த ஹாம் நிலையத்தில் இருப்பவர் மணிக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கழுத்து பிடித்துக்கொண்டவரால் செய்தியைப் பிழையில்லாமல் எழுத முடியாது.

குரோம்பேட்டை வீட்டில் நிலையத்தைப் புதிதாக அமைக்க முடிவு செய்ததும், முதலில் நாற்காலியைத்தான் தேடினேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய அலுவலக நாற்காலி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது. உயரத்தை மாற்றலாம், கைப்பிடிகளும் கீழே இறங்கும். பாதம் முழுதாகத் தரையில் பதியும்படி அதில் உட்கார்ந்து, தோளைத் தளரவிட்டு, முழங்கையை மடக்கினேன். மனைவி டேப்பை வைத்து அளந்தார்: தரையிலிருந்து முழங்கைவரை 26 அங்குலம். மேசையும் அந்த உயரம்தான் இருக்க வேண்டும். நாமே குனிந்து அளந்தால் தோள் ஏறிக்கொள்ளும், கணக்கு தப்பும். கடைகளில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 30 அங்குல உயரம். அந்த 4 அங்குலத்தை நாளெல்லாம் சுமப்பது தோள்பட்டைதான்.

தச்சருக்கு இந்த அளவு பிடிக்கவில்லை. “26 அங்குலம் என்றால் பிள்ளைகள் படிக்கிற மேசை மாதிரி இருக்கும் சார்” என்றார். செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து, அவரையே நாற்காலியில் உட்காரச் சொன்னேன். இரண்டு முன்கைகளையும் பலகைமேல் வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பலகையின் முன்விளிம்பைக் கட்டைவிரலால் தடவி, “இந்த முனை கையை அறுக்கும், உருட்டிவிடுகிறேன்” என்று அவரே சொன்னார். மேற்பலகை 19 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். அதன் முன்னால் தேக்குச் சட்டம் ஒன்றை ஒட்டி, இழைப்புளியால் இழைத்து இழைத்து வளைவாக்கிக் கொடுத்தார். மேசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதுதான். தொடை இடிக்கும் என்பதால் இழுப்பறை வேண்டாம் என்றேன். கால்களில் பூட்டுள்ள சக்கரங்கள் அவர் யோசனை. சக்கரத்தின் உயரத்தைக் காலில் கழித்துக்கொண்டார். பின்பக்க இணைப்புகளைத் தொட வேண்டுமானால் மேசையை உருட்டினால் போதும், அடியில் தவழ வேண்டாம்.

கருவிகளில் டிரான்ஸீவரின், அதாவது அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ பெட்டியின், இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பலர் அதை அலமாரித் தட்டில் கண்ணுக்கு நேரே வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அலைவரிசையைத் தேடும் குமிழைத்தானே கை ஓயாமல் திருப்புகிறது? கை அந்தரத்தில் தொங்கினால் விரலில் நிதானம் இராது. நான் அதை மேசைப்பரப்பிலேயே, சற்று இடப்பக்கமாக வைத்து, அடியில் உள்ள முன்கால்களை விரித்து முகப்பை நிமிர்த்தினேன். முன்கையை மேசைமேல் கிடத்தியபடி இடக்கை குமிழைத் திருப்பும்; வலக்கை லாக் (தொடர்புகளைப் பதியும் குறிப்பேடு) எழுதவும், புள்ளியும் கோடுமாகச் செய்தியைத் தட்டி அனுப்பும் மோர்ஸ் சாவிக்கும். கணினித்திரை நேர் எதிரே, ஒரு கை நீளத்தில், மேல்விளிம்பு கண்மட்டத்தில்.

மோர்ஸ் சாவியை எங்கே வைப்பது என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. பிரிட்டிஷ் பழக்கத்தில் சாவி மேசை விளிம்பருகே இருக்கும். கை தாங்கலின்றி நிற்கும். அமெரிக்கப் பழக்கத்தில் அது ஒன்றரை அடி உள்ளே தள்ளியிருக்கும். முன்கை முழுவதும் மேசையில் சாய்ந்திருக்க, மணிக்கட்டு மட்டும் அசையும். நெடுநேரம் அனுப்ப எனக்கு இரண்டாவதுதான் ஒத்துவருகிறது. மேசையின் அகலத்தை, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை, 30 அங்குலமாக வைத்ததே இதற்காகத்தான். சாவி நகராதிருக்க அதைக் கனமான இரும்புத் தகட்டில் முடுக்கி, அடியில் ரப்பர் ஒட்டினேன்.

மைக்கைக் கையில் பிடித்துப் பேசுவதை விட்டுவிட்டேன். ரிச்சி தெருவில் வாங்கிய கால்விசையை மிதித்தால் ஒலிபரப்பு, எடுத்தால் கேட்பு. 13.8 வோல்ட் பவர் சப்ளை மேசைக்கு அடியில், காலில் படாத ஓரத்தில் இருக்கிறது. 100 வாட் கருவி 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால் ஒயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். ஆன்டெனா கேபிளின் இணைப்பை ஜன்னலோரம், கைக்கு எட்டும் உயரத்தில் கொண்டுவந்தேன். வடகிழக்குப் பருவமழையில் இடி வரும் அறிகுறி தெரிந்ததுமே நாற்காலியிலிருந்தே கழற்றிவிடலாம்.

கடைசியில் மின்விசிறி வழக்கு ஒன்று மிச்சமிருந்தது. சென்னையில் விசிறி இல்லாமல் ஹெட்போன் மாட்டி உட்கார முடியாது. ஆனால் எங்கள் அறையில் விசிறியைப் போட்டாலே 40 மீட்டர் என்ற அலைவரிசைப் பட்டையில், 7 மெகாஹெர்ட்ஸ் பக்கமெல்லாம், கரகரவென்று ஓர் இரைச்சல். வேகத்தை முழுதாக வைத்தால் அடங்கும், குறைத்தால் கிளம்பும். அதனால் ரெகுலேட்டர்மேல் சந்தேகம் வந்தது. டிரையாக் (ஒரு மின்னணு விசை) வகை ரெகுலேட்டர் மின்சார அலையை வெட்டி வெட்டி விடுவதால் அந்த இரைச்சல் பிறக்கிறது. படிப்படியாகத் திருகும் கப்பாசிட்டர் வகையை மின்பணியாளர் மாட்டிக் கொடுத்தார். இப்போது விசிறியை எந்த வேகத்தில் வைத்தாலும் அந்தக் கரகரப்பு இல்லை.