சித்தியின் கைரேகை

சித்திக்கு பி.எஃப். பென்ஷன். வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் ஒரு மையத்துக்குப் போனோம். முப்பது வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டையின் தோட்டை உடைத்த கை. அந்தத் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியில் கோடே இல்லை. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து ஐந்து தடவை வைத்தார். கருவி எடுக்கவே இல்லை. "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்படிக் கைரேகை வைத்து எடுக்கும் டிஜிட்டல் உயிர்ச்சான்று 2014 நவம்பரிலேயே வந்துவிட்டது. முகத்தைக் காட்டியே முடிக்கும் வசதியும் 2021 முதல் இருக்கிறது. அதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆன்லைன் என்றால் நம் சனம் பயப்படுகிறது என்பார்கள். பயம் இல்லை, இப்படி அலையவிட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்?

அப்புறம் வீட்டுத் திண்ணையில் வைத்து என் போனிலேயே செய்தேன். வெளிச்சம் பார்த்து உட்காரவைத்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். பத்தே நிமிடம்தான்.

"பேப்பர் ஒண்ணும் தரமாட்டாவளா மக்களே?" என்று கேட்டார் சித்தி. சான்றைப் பதிவிறக்கி, பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அண்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டுப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து தருகிறேன். ஆதார் எண், பென்ஷன் ஆர்டர் (பி.பி.ஓ.) எண், பேங்க் பாஸ்புக், ஓ.டி.பி. வர ஒரு போன், இவ்வளவும் எடுத்து வையுங்கள்.