தோற்கக்கூடிய இடத்தை நீங்களே எழுதுங்கள்: ஓர் ஆய்வு நிதி விண்ணப்பத்தின் அனுபவம்

மூன்று ஆண்டுகளுக்கு 28 லட்சம் ரூபாய் என்ற ஒப்புதல் கடிதம் வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. முதல் முறை நிராகரிக்கப்பட்ட நாளுக்கும் இந்தக் கடிதத்துக்கும் நடுவே பத்தொன்பது மாதங்கள் கழிந்தன. மனம் ஆறிய பிறகு எழுதினால் எல்லாவற்றையும் அழகாக்கிவிடுவேன் என்பதால், இப்போதே எழுதுகிறேன். அணு, வேதியியல், உயிரியல் ஆயுதங்களை எதிர்கொள்வதற்கான ஆய்வுக்கு அரசு நிதி கேட்க நினைக்கும், என்னைப் போல மாவட்டக் கல்லூரிகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கானது இது. நிபுணர் குழு, பயன்பாட்டுச் சான்றிதழ், இணை ஆய்வாளர் என்பவையெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் ஆய்வுப் பொருளை முதலில் சொல்லியாக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுத்துக் கிடக்கும் மண்ணில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் அதைக் கண்டறிந்தார் என்பது இந்தப் பக்கத்து இயற்பியல் ஆசிரியர்கள் எல்லாரும் வகுப்பில் சொல்லும் கதை. அந்த மோனசைட்டில் எட்டு முதல் பத்து விழுக்காடு வரை தோரியம் ஆக்சைடு உள்ளது. தோரியம்-232 சிதைந்து செல்லும் தொடரின் கடைசிக் கட்டத்தில் தாலியம்-208 தோன்றி, 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிரை வெளியிடுகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தோரியத்திலிருந்து உண்டாக்கப்படும் யுரேனியம்-233 அணு ஆயுதத்துக்குப் பயன்படக்கூடியது. அதனுடன் சிறிதளவு யுரேனியம்-232 கலந்தே வரும், அதன் தொடரும் அதே தாலியம்-208இல்தான் சென்று சேரும். எனவே துறைமுக வாயிலில் நிற்கும் கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவி 2614ஐ மட்டும் பார்த்தால், எங்கள் ஊர் மண் ஏற்றிய லாரிக்கும் கவலைப்பட வேண்டிய சரக்குக்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாட்டைக் காட்டுவது 911 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தெரியும் ஆக்டினியம்-228. அது இயற்கைத் தோரியத் தொடரில் உண்டு, யுரேனியம்-232 தொடரில் இல்லை. இது பாடநூல் செய்திதான். இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த ஓரிடத்தில், விலை குறைந்த கருவியைக் கொண்டு, சில நிமிடங்களுக்குள் இதை நம்பகமாகச் செய்ய முடியுமா என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வி என் முதல் முன்மொழிவின் ஏழாம் பக்கத்தில் இருந்தது. முதல் ஆறு பக்கங்களில் உலகத்தின் ஆபத்துகளை எழுதி வைத்திருந்தேன்: 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சாரின் தாக்குதல், 2001இல் அமெரிக்காவில் அஞ்சலில் வந்த ஆந்த்ராக்ஸ், 2004இன் ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானம் 1540, அதைத் தொடர்ந்து 2005இல் இந்தியா இயற்றிய பேரழிவு ஆயுதச் சட்டம். அத்தனையும் உண்மைதான், ஆனால் என் ஆய்வுக்கு ஒரு வரிக்குக்கூடப் பயன்படவில்லை. இந்த நிதியைத் தருபவர்கள் காலையில் எழுந்தது முதல் அந்த ஆபத்தைப் பற்றியே நினைப்பவர்கள், அவர்களுக்கே அதை விளக்கியிருக்கிறேன். இரண்டாம் முறை 2010ஆம் ஆண்டு டெல்லி மாயாபுரி நிகழ்வை மட்டும் வைத்துக்கொண்டேன். பழைய இரும்புக் கடைக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வந்து சேர்ந்து ஓர் உயிரைப் பறித்த அந்த நிகழ்வு, வாயிலிலேயே கண்டறிவது ஏன் தேவை என்பதை நான்கு வரிகளில் சொல்லிவிடுகிறது.

ஆனால் முதல் முறை நான் வீழ்ந்தது அந்த ஆறு பக்கங்களால் அன்று. அப்போது காமாக் கதிர்களின் ஆற்றலை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் உயர்தூய்மை ஜெர்மானியம் உணர்கருவி ஒன்றைக் கேட்டிருந்தேன். காணொளி நேர்காணலில், அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தக் கருவிக்கு வாரந்தோறும் திரவ நைட்ரஜன் யார் ஊற்றுவார்கள்?" என்று கேட்டார். மைனஸ் 196 பாகையில் கருவியைக் குளிர்வித்தாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை நாகர்கோவிலுக்கு யார் கொண்டுவருவார்கள், என்ன விலை, வண்டி வராத வாரத்தில் என்ன செய்வது என்பதை நான் யோசித்ததே இல்லை. "ஏற்பாடு செய்துகொள்வோம், ஐயா" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தோடு என் நேர்காணல் முடிந்துபோனது என்று இன்றும் நம்புகிறேன். நிராகரிப்புக் கடிதத்தில் நடைமுறைச் சாத்தியம் குறித்த ஐயம் என்று மட்டும் இருந்தது.

சில மாதங்கள் கழித்து அம்மாவின் பசுவுக்குச் சினை ஊசி போடுவதற்காக எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போயிருந்தேன். உதவியாளர் ஓர் அலுமினியக் குடுவையின் மூடியைத் திறந்தார். வெண்புகை வழிந்து அவருடைய செருப்பின் மேல் பரவிக் கலைந்தது. அவர் நீளமான கரண்டி போன்ற ஒன்றால் உறைவிந்துக் குச்சியை மேலே இழுத்தபோது நான் பசுவை மறந்துவிட்டு, "அண்ணே, இந்த நைட்ரஜன் எங்கிருந்து வருது?" என்று கேட்டேன். "வண்டியில கொண்டு வந்து நெறச்சிட்டுப் போவாங்க மக்ளே, ஒரு தடவ பிந்திச்சுன்னா நாங்க பட்ட பாடு!" என்றார். ஒரு நிபுணர் குழுவின் கேள்விக்கான விடை மாட்டுத் தொழுவத்துக்கு இத்தனை அருகில் இருந்திருக்கிறது. அவர்களுடைய குடுவை என் தேவைக்குப் போதாது என்பது வேறு. ஆனால் "பிந்திச்சுன்னா" என்ற அந்தச் சொல்லை வைத்துத்தான் இரண்டாம் முன்மொழிவை எழுதினேன்.

அதில் "இந்த ஆய்வு எங்கே தோற்கலாம்" என்று ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு தனிப் பகுதி சேர்த்தேன். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியத்தைக் கைவிட்டு, குளிர்விக்கத் தேவையில்லாத சோடியம் அயோடைடு உணர்கருவிக்கு மாறினேன். உடனே அடுத்த பலவீனம் எழுந்தது. சோடியம் அயோடைடின் பிரிதிறன், அதாவது அருகருகே உள்ள ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் திறன், குறைவு என்பதால் ஆக்டினியத்தின் 911, 969 ஆகிய இரு ஆற்றல் கோடுகளும் ஒரே மேடாகத் தெரியும். அதைவிட மோசமாக, தாலியம்-208க்கே 860இல் ஒரு கோடு உண்டு என்பதால், அது அந்த மேட்டின் இடப்பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதை மறைக்காமல் வரைபடத்தோடு எழுதினேன். எந்த அளவுக்கு மேல் இந்தக் கலப்பு முடிவைக் குலைக்கும், அதைச் சரிபார்க்க இருபது மாதிரிகளை ஜெர்மானியம் உள்ள கூட்டாளர் நிறுவனத்தில் எப்படி அளப்போம், அதுவும் பொய்த்தால் எந்த முடிவை மட்டும் வெளியிடுவோம் என்று வரிசையாகச் சொன்னேன். இரண்டாம் நேர்காணலில் கேட்கப்பட்ட ஐந்து கேள்விகளில் நான்கு அந்தப் பகுதியிலிருந்தே வந்தன. 860ஐப் பற்றிய கேள்வி வந்தபோது, என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு தேர்வில் கேள்வித்தாள் எனக்கு முன்னரே தெரிந்திருந்தது போல உணர்ந்தேன்.

பேச்சுத் திறமை உள்ளவர்களுக்கு இது தேவைப்படாமலும் இருக்கலாம். எனக்குத் திடீர்க் கேள்வி வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆகவே எல்லாவற்றையும் தாளில் முன்கூட்டியே எழுதிவிடுவது என் பிழைப்பு.

இனிச் சுருக்கமாகச் சில:

எங்கே கேட்பது: கதிரியக்கம் என்றால் அணுசக்தித் துறையின் அணு அறிவியல் ஆராய்ச்சி வாரியம். வேதியியல், உயிரியல் பாதுகாப்பு என்றால் பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பான டிஆர்டிஓவின் வெளி ஆய்வுத் திட்டங்களும் உயிர் அறிவியல் ஆராய்ச்சி வாரியமும். ஆயுதம் என்ற சொல்லே வேண்டாம், அடிப்படை அறிவியல் போதும் என்றால், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் செர்ப் எனப்பட்ட அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் இடத்துக்கு வந்துள்ள அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை.

வேதியியல் நண்பர்கள் எழுதத் தொடங்கும் முன் குவாலியரிலுள்ள டிஆர்டிஓ ஆய்வகத்தின் கட்டுரைகளைப் படித்துவிடுங்கள். உங்கள் முன்மொழிவை மதிப்பிடுபவர் அவற்றில் ஒன்றின் ஆசிரியராக இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் 1998இல் அமைக்கப்பட்ட பாதுகாப்பு அச்சுறுத்தல் குறைப்பு முகமை, பேரழிவு ஆயுதங்களை எதிர்கொள்ளும் அடிப்படை ஆய்வுக்கு முதலில் சுருக்கக் குறிப்பு மட்டும் கேட்கும், பிடித்திருந்தால்தான் முழு முன்மொழிவுக்கு அழைக்கும். நான் அங்கே விண்ணப்பிக்கவில்லை. ஆனால் அந்தச் சுருக்கக் குறிப்பின் அளவுக்கு என் கேள்வியைச் சுருக்கிப் பார்த்த பயிற்சியில்தான் ஏழாம் பக்கக் கேள்வி முதல் பத்திக்கு வந்தது.

மோனசைட்டை அனுமதியின்றிக் கையாளக் கூடாது. மாதிரிகளுக்கான அனுமதிக் கடிதத்தை இணைக்காமல் விண்ணப்பம் அனுப்பாதீர்கள். முடிந்தவரை இருந்த இடத்திலேயே அளவிடத் திட்டமிடுங்கள். கிள்ளியூர்ப் பக்கம் மணல் எடுக்கும் திட்டத்துக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்துவரும் காலத்தில், கடற்கரையில் பையும் கருவியுமாக நிற்பவரை யாரும் எளிதில் நம்புவதில்லை. முன்னோட்ட அளவீட்டுக்குப் போன அன்று வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மண்ணு அள்ளவா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் கருவியைத் திரும்பப் பெட்டியில் வைக்கும் வரை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கருவிக்கு வாங்கும் விலைப்புள்ளிகள் மூன்றும் ஒரே மாதத்துத் தேதியில் இருக்கட்டும்.

கல்லூரி முதல்வர் கையொப்பத்துக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். என்னுடைய கோப்பு ஓர் அலுவலக மேசையில் இருபத்து மூன்று நாள் கிடந்தது. கேட்கும்போதெல்லாம் கிடைத்த விடை "போயாச்சு" என்பதுதான். கோப்பு நகரும் வரை அந்த மேசைக்கு எதிர் நாற்காலியில் போய் அமர்ந்திருப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒப்புதல் கடிதம் வந்த பிறகும் வேலை இருக்கிறது. திட்டத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டியிருந்தது. நேற்று அதற்காக வங்கிக்குப் போனேன். அதிகாரி கடிதத்தை வாங்கி, "கதிரியக்கப் பொருள் கடத்தலைக் கண்டறிதல்" என்ற தலைப்பை இரண்டு முறை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடிதத்தோடு உள்ளறைக்குப் போய்க் கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஆதார் நகல் இன்னும் இரண்டு வேண்டும் என்றார்.