அலுமாரிக்குள் இருந்த பெரிய பட்டி

அம்மாவின் பிரஷரைக் குறைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சம்தான். அதை ஒழுங்காக அளக்க வைக்கப் பட்ட பாடுதான் பெரிது.

கிளினிக் நாளில் அம்மா விடியமுதலே எழும்பிவிடுவார். நம்பர் துண்டு எடுக்கும் அவதி. பஸ்ஸில் நின்றபடி யாழ்ப்பாணம் ரவுணுக்கு வந்து, வாங்கில் இடமில்லாமல் அங்கேயும் நின்று, பெயர் கூப்பிட்டதும் பதறிப்போய்க் கதிரையில் இருப்பார். இருந்த கையோடு பிரஷர் அளக்கும் பட்டியைக் கையில் சுற்றிவிடுவார்கள். அம்மாவுக்குப் பருத்த கை, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவுப் பட்டி. கைக்குப் பட்டி சின்னதென்றால் கணக்குக் கூடித்தான் காட்டும். சட்டைக் கைக்கு மேலாலேயே சுற்றிய நாளும் உண்டு. கொப்பியில் 170/100 என்று விழும். "உப்பைக் குறையுங்கோ எண்டு சொன்னனாங்கள் எல்லே?" என்று ஏச்சும் விழும்.

கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் எங்கள் வீட்டை விட்டுப் போய் எவ்வளவோ காலம். ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குள் சொதியையும் சம்பலையும் அடக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஏச்சின் வலி தெரியும்.

குளிசையைக் கூட்டினார்கள். அதோடு, படுக்கையால் எழும்பினால் தலைசுற்றல். சரி, வீட்டில் பார்ப்போம் என்று மெஷின் வாங்கப் போனால் கடைக்காரர் மணிக்கட்டில் கட்டுவதை நீட்டினார். வேண்டாம் என்று மேற்கையில் கட்டுவதையே, பெரிய பட்டியோடு கேட்டு வாங்கினேன். நீங்களும் அதையே கேளுங்கள்.

சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வைத்து, 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலமாவது போயிருக்க வேண்டும். அம்மாவுக்கு இதில் கஷ்டமானது பேசாமல் இருப்பதுதான். காலையில் குளிசைக்கு முன்னும் பின்னேரமும் இரண்டிரண்டு தரம் அளந்து எழுதினோம். மேல் கணக்கு 112, 108, 115. தலை சுற்றாமல் என்ன செய்யும்!

அந்தக் கணக்கைக் கொண்டுபோனால், அளக்கும் மேசையில் இருந்தவர் திரும்பியும் பார்க்கவில்லை. "வீட்டு மெஷினெல்லாம் சரிவராது." பக்கத்து வீட்டு மாமி குளிசையை நிற்பாட்டச் சொன்னார். அதை மட்டும் செய்யாதீர்கள். டொக்டரிடம் கேட்காமல் குறைக்கவும் கூடாது, நிற்பாட்டவும் கூடாது.

அடுத்த முறை மெஷினையே பையில் போட்டுக்கொண்டு நேரே டொக்டரிடம் காட்டினேன். அம்மாவைக் கொஞ்சம் இருக்கவிட்டு, பெரிய பட்டியை எடுக்கச் சொன்னார். அங்கேயே அலுமாரிக்குள் இருந்தது! இரண்டு மெஷினும் கிட்டத்தட்ட ஒரே கணக்கைக் காட்டின. குளிசை பழைய அளவுக்கு வந்தது. இப்போது வீட்டில் 128, 130. வீட்டு அளவு 135/85க்குக் கீழே நின்றால் போதும் என்றார்.

இன்னொன்று. முழங்கால் நோவுக்கென்று பாமசியில் டைக்குளோபெனக் வாங்கிப் போடாதீர்கள், பிரஷரை ஏற்றும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பரசிற்றமோலிலும் சோடியம் இருக்கிறது. கிளினிக்கில் மருந்து முடிந்து வெளியில் வாங்க எழுதித் தந்தால், பெட்டியில் உள்ள கம்பனிப் பெயரைப் பார்க்காமல் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். அம்லோடிப்பின் என்ற ஒரே பிரஷர் குளிசை இரண்டு கம்பனிப் பெயரில் எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்லி உறையில் எழுதியும் இருந்தது.