கதவு அகலமான வண்டி

"நிஷி-கசாயில் வீடு பார்" என்று டோக்கியோவுக்குக் கிளம்புவதற்கு முன்பே நாலு பேர் சொல்லிவிட்டார்கள். உளுத்தம்பருப்பு கிடைக்கும், புளி கிடைக்கும், 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம்ம ஆட்கள் குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார்கள், ஓதெமாச்சி ஆபீசுக்கு ஒரே ரயில். எல்லாமே உண்மைதான். அந்த ஒரே ரயிலைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறக்கவில்லை.

2015 ஏப்ரலில் வந்தேன். வெளிநாட்டவர் என்றதும் இரண்டு வீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஜாமீன்தாரர் கேட்காத யூஆர் என்ற அரசு சார்ந்த குடியிருப்பில் ஒரு வழியாக வீடு கிடைத்தது. முதல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நிஷி-கசாய் பிளாட்பாரத்தில் தோசாய் லைன் என்ற மெட்ரோ வண்டிக்கு நின்றேன். இது மேம்பாலத்தின் மேல் இருக்கும் ஸ்டேஷன். வண்டி கிளம்பியதும் நகாகவா, அரகாவா என்று இரண்டு ஆறுகளையும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலத்தில் கடந்து, மினாமி-சுனமாச்சி வருவதற்குள் சுரங்கத்தில் இறங்கிவிடும். அந்தப் பாலத்தில் போகும்போது மட்டும்தான் மூச்சு விட்ட நினைவு. தோயோச்சோவில் ஒரு கூட்டம், கிபாவில் இன்னொரு கூட்டம். வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் ஒருவர், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என் முதுகை உள்ளே தள்ளினார்.

கிபாவுக்கும் மொன்சென்-நகச்சோவுக்கும் நடுவே காலை நெரிசல் 2019 வாக்கில் 199 விழுக்காடு, அதாவது வண்டியின் கொள்ளளவைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்குக் கூட்டம். நாட்டிலேயே அதுதான் முதலிடம். இந்தக் கணக்குக்கு அரசாங்கமே விளக்கமும் வைத்திருக்கிறது. 180 என்றால் செய்தித்தாளை மடித்துப் பிடித்து எப்படியோ படிக்கலாம். 200 என்றால் உடம்போடு உடம்பு இடிக்கும், அழுத்தம் தெரியும், ஆனாலும் வாரப் பத்திரிகை படிக்க முடியும். எழுதியவர் கிபாவில் ஏறியிருக்கிறாரா என்று நான் இன்னும் யோசிப்பதுண்டு. கை எங்கே இருக்கிறது என்பதே தெரியாத இடத்தில் பத்திரிகையை எந்தக் கையால் பிடிப்பது?

ஆறு மாதம் போன பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. சில நாள் வரும் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் லேசாக இருக்கும், சில நாள் போராட்டம். வித்தியாசம் கதவில்தான். சாதாரண வண்டியில் கதவு 1.3 மீட்டர், வேறு சிலவற்றில் 1.8 மீட்டர். அரை மீட்டர்தானே என்று தோன்றும். முன்னதில் இரண்டு பேர் இறங்கும் இடத்தில் பின்னதில் மூன்று பேர் இறங்குவார்கள். ஒரு ஸ்டேஷனில் மிச்சமாகும் சில விநாடிதான் பின்னால் வரிசையாக வரும் வண்டிகளைத் தாமதத்திலிருந்து காப்பாற்றுகிறது. விலையும் உண்டு. பெட்டிக்குப் பக்கத்துக்கு நாலு கதவு, ஆக ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு மீட்டர் இருக்கை போச்சு.

அகலக் கதவு வண்டி என்றால் புத்தம் புதுசு என்றே நினைத்திருந்தேன். எல்ஈடி விளக்கு, கதவுக்கு மேலே அடுத்த ஸ்டேஷன் காட்டும் திரை, கறை படாத தரை. ஒரு நாள் பெட்டியின் கோடியில், அடுத்த பெட்டிக்குப் போகும் கதவுக்கு மேலே, ஒரு சின்னத் தகட்டைப் படித்தேன். ஹெய்செய் 3. ஜப்பானிய எழுத்துகளில் எனக்கு முதலில் பழகியது இந்த ஆண்டுக் கணக்குதான். வார்டு ஆபீஸ் படிவம் எதை எடுத்தாலும் அது வந்து நிற்கும். ஹெய்செய் எண்ணோடு 1988-ஐக் கூட்டினால் நம்ம ஆண்டு. கூட்டிப் பார்த்தேன்: 1991. நான் பிறந்த வருஷம்.

அன்று ராத்திரி தேடி உட்கார்ந்தேன். அது 05 சீரிஸ் வண்டி. தோசாய் லைனுக்கென்று 1988-இல் ஓடத் தொடங்கிய வகை. முதல் பதின்மூன்று வண்டிகளும் வழக்கமான கதவு. கூட்டம் தாங்காமல் அடுத்த ஐந்தில் மட்டும் 1.8 மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கட்டியவற்றில் மறுபடி பழைய அளவு. 2010-இல் 15000 சீரிஸ் என்று புதிய வண்டிகள் வந்தபோது திரும்பவும் 1.8 மீட்டருக்கே வந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் முதல் பதின்மூன்றின் கதை முடிந்தது. சில ஜகார்த்தாவுக்குக் கப்பலேறின. சில மூன்று பெட்டியாகச் சுருங்கி, சியோதா லைனின் கித்தா-அயாசே கிளையில் ஓடப் போயின. கொஞ்சமே இளைய அந்த ஐந்துக்கு மட்டும் 2012 முதல் புதுப்பிப்பு. கதவு அகலமாக இருந்ததால் தப்பித்த வண்டிகள்!

இதை நான் சொல்ல ஒரே ஆள்தான் உண்டு. அப்பா. முப்பது வருஷத்துக்கு மேல் ஆவடி கார் ஷெட்டில் எலெக்ட்ரீஷியன். சென்னை லோக்கல் வண்டிகளின் மோட்டாரைப் பிரித்து, சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொண்டுபோகும் கரித்துண்டான கார்பன் பிரஷ் மாற்றுவார். சாப்பிட உட்காரும்போதும் நகக்கண்ணில் கரி இருக்கும். பாத்திரம் துலக்கும் நாரால் தேய்த்தாலும் போகாது என்று அம்மா புலம்புவாள்.

2018-இல் இருவரும் இங்கே வந்தார்கள். அம்மாவுக்கு அரகாவா கரையில் வாக்கிங், அப்பாவுக்குப் பிளாட்பாரம். கூட்டம் வடிந்த பிறகு பதினோரு மணிக்கு அழைத்துப் போவேன். அகலக் கதவு வந்ததும் நின்று பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு செலவு? நம்ம வண்டிக்கு மூடுற கதவே கிடையாது. கம்பியப் புடிச்சிக்கிட்டுத் தொங்கினா எவ்வளவு அகலம் வேணாலும் ஆகிக்கும்."

ஆனால் மோட்டாரைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. புதுப்பிக்கும்போது வெளிப்பூச்சோடு நிறுத்தவில்லை. கரண்டை வெட்டி வெட்டிக் கொடுத்து வேகத்தை ஆளும் பழைய சாப்பர் கட்டுப்பாட்டையும் அதோடிருந்த டிசி மோட்டாரையும் கழற்றிவிட்டு, சுழலும் பாகத்திலேயே நிரந்தரக் காந்தம் பதித்த மோட்டார்களை மாட்டினார்கள். ரோட்டருக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டாம், சூடும் குறைவு. அதனால் முழுக்க மூடிய கூட்டுக்குள் வைத்துவிடலாம், சத்தமும் வெளியே வராது.

"அப்ப பிரஷ்ஷே இல்லியா?"

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் விரல்களைப் பார்த்துவிட்டு, "இங்க வேலை செய்யறவன் வீட்ல சோப்பு மிச்சம்" என்றார்.

அடுத்த ஸ்டேஷன் கசாயில், மேம்பாலத்துக்கு அடியிலேயே சப்வே மியூசியம் இருக்கிறது. அங்கே மூன்று முறை போனோம். மூன்றாவது முறை நான் வெளியே பெஞ்சில் தூங்கிவிட்டேன்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு, 2019 ஜனவரியில் ரயில் கம்பெனி ஒரு வேடிக்கை செய்தது. தோசாய் லைனில் முன்கூட்டியே கிளம்பி வருகிறவர்கள் 2,000 பேர் சேர்ந்தால் டெம்புரா இலவசம், 2,500 என்றால் சோபா நூடுல்ஸ், 3,000 என்றால் இரண்டும். கதவை அகலப்படுத்தியும் தீராததை பஜ்ஜி போட்டுத் தீர்க்கப் பார்க்கிறார்கள் என்று மனைவி சிரித்தாள். நாங்கள் சைவம். சோபாக் குழம்பில் மீன் துருவல் ஊறியிருக்கும், டெம்புராவில் இறால் நிற்கும். ஆக எனக்கு விடிகாலையில் எழுந்த புண்ணியம் மட்டும். அடுத்த வருஷமே கொரோனா வந்து, 199 விழுக்காடு 123-ஆக இறங்கியது. அப்போது உண்மையிலேயே வாரப் பத்திரிகை படித்திருக்கலாம். நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் அப்பா போன் செய்தால், சாப்பிட்டாயா என்பதற்கு அடுத்த கேள்வி, "அந்தப் பழைய வண்டி வந்துச்சா?" வண்டிக்குள் போனில் பேசுவது இங்கே மரியாதையில்லை. அதனால் போன மாதம், கூட்டமில்லாத பெட்டியில் போனைத் தரையருகே பிடித்து, நிஷி-கசாயில் கிளம்புவதிலிருந்து பாலம் தாண்டும் வரை பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் குரல் செய்தி வந்தது.

"தண்டவாளச் சத்தம்தாண்டா கேக்குது. மோட்டாரு எங்க?"