படம் காட்டாத புரோப்

"பம்பிங் எவ்வளவும்மா இருக்கு?"

ஜெல் தடவி, ஸ்கேன் இயந்திரத்தின் கைக்கருவியான புரோபை நெஞ்சில் வைத்த மறுநொடியே கேட்டுவிடுவார்கள். அப்போது திரையில் வெறும் சாம்பல் மூட்டம்தான் இருக்கும். விலா எலும்புகளுக்கு நடுவே சந்து தேடிக்கொண்டிருப்பேன். "இருங்க, முதல்ல உங்க இதயத்தைக் கண்டுபிடிக்கிறேன்" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலருக்கு முகம் மாறிவிடும். அதனால் ஆளைப் பார்த்துத்தான் சொல்வது.

14 வருடமாக எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கும் டெக்னீஷியனாக இருக்கிறேன். இந்த வேலையில் முதலில் தேய்வது தோள்பட்டை, அடுத்தது பொறுமை. பொறுமை தேய்வதற்குப் பாதிக் காரணம் இந்த பம்பிங் கணக்குதான். 60 என்று வந்தால், "நூத்துக்கு அறுபதுதானா?" என்று பரீட்சை மார்க் மாதிரி கவலைப்படுகிறார்கள். நூறு யாருக்கும் வராது, வரவும் கூடாது. இடது கீழறை நிரம்பியிருக்கும்போது அதில் 120 மில்லி ரத்தம் இருக்கிறது என்று வையுங்கள். சுருங்கி முடித்த பிறகு 50 மில்லி மிச்சம் நிற்கிறது. வெளியே போனது 70. 120-இல் 70 என்றால் 58 சதவீதம். அதைத்தான் ஈ.எஃப். என்று எழுதுகிறோம். 55-இலிருந்து 70 வரைக்கும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

அந்த 58 வருவதற்கு என் கை அறையின் உள்விளிம்பைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். நிரம்பிய நிலையில் ஒன்று, சுருங்கிய நிலையில் ஒன்று. விளிம்பு மங்கலாக இருந்தால் கோடு கொஞ்சம் உள்ளே போகும், கொஞ்சம் வெளியே போகும். அதே ஆளை அடுத்த அறையில் வேறு ஒருவர் பார்த்தால் 54 வரலாம், 62-உம் வரலாம். போன வருடம் 60, இந்த வருடம் 56 என்று இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூக்கம் கெடுபவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். இதயம் மாறாமலே பேனா மாறியிருக்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு மோசமாக லீக் ஆகிறவருக்கு ஈ.எஃப். 65, 70 என்று அழகாக இருக்கும். அறை நன்றாகத்தான் காலியாகிறது. ஆனால் ஒரு பங்கு ரத்தம் முன்னே போகாமல் பின்பக்க மேலறைக்கே திரும்பிப் போகிறது. அந்த ஒரு எண்ணுக்கு அது முன்னே போனதா பின்னே போனதா என்று தெரியாது.

எக்கோவை போட்டோ என்று நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் ஆரம்பம். அது ஒலி. நம் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பெரியவர்களுக்கு நான் வைக்கும் புரோப் 20 லட்சம், 30 லட்சம் ஹெர்ட்ஸில் பேசுகிறது. உடம்புத் தசைக்குள் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் வேகத்தில் போகும். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு சுவரில் மோதித் திரும்பி வர ஒரு விநாடியில் 5,000-இல் ஒரு பங்கு நேரம் போதும். திரும்பி வந்த நேரத்தை வைத்து இயந்திரம் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. அவ்வளவுதான் அடிப்படை. காற்றும் எலும்பும்தான் எதிரிகள். தோலுக்கும் புரோபுக்கும் நடுவே ஒரு மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலே ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். அந்தப் பிசுபிசுப்பான ஜெல் அதற்குத்தான். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுங்கள், இடதுகையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்கள் என்று நாங்கள் படுத்துவதும் அதற்குத்தான். நுரையீரல் விலகி, இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வர வேண்டும்.

இந்த வித்தை கப்பல் பட்டறையில் இருந்து வந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவருக்கு, மைட்ரல் வால்வு அறுவை சிகிச்சைக்கு முன்னால் அந்த வால்வு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் அவருக்குத் துணைக்கு வந்தார். ஹெர்ட்ஸ் என்ற அலகுக்குப் பெயர் கொடுத்தாரே, அவருடைய குடும்பத்துப் பிள்ளைதான். பக்கத்து மால்மோவில் இருந்த கப்பல் கட்டும் இடத்தில், உலோகத்தில் விரிசல் தேடும் கருவி ஒன்றை இரவல் வாங்கிவந்து நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். 1953 அக்டோபரில் இதயத்தின் அசைவு முதன்முதலாகப் பதிவானது. எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. திரையில் துள்ளிய அந்த எதிரொலி இடது மேலறையின் சுவரில் இருந்து வருகிறது என்றுதான் எட்லர் முதலில் நினைத்தார். பிறகுதான் அது மைட்ரல் வால்வின் முன் இதழ் என்று தெரிந்தது. இந்தத் துறையைத் தொடங்கியவரே, பார்ப்பது எது என்று தெரியாமல்தான் பார்த்திருக்கிறார். மோசமான நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன்.

எனக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஒருமுறை கண்ணை இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இடது கீழறையில் இருந்து ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்ட்டிக் வால்வு சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக இருந்தது, இதழ்கள் திறக்க மனமில்லாமல் திறந்தன. ரத்தம் பாயும் வேகத்தை ஒலியால் அளக்கும் டாப்ளரை இதய நுனியில் வைத்து அளந்தேன். விநாடிக்கு 3.4 மீட்டர். வேகத்தை வர்க்கமாக்கி நான்கால் பெருக்கினால் வால்வுக்கு இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். 46 வந்தது. மிதமான சுருக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அரைமணி நேரத்தில் டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பினார். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் சத்தத்துக்கும் இந்த எண்ணுக்கும் பொருந்தவில்லை, இன்னொரு தடவை பாருங்கள் என்று ஒரு வரி. எனக்குச் சுருக்கென்றது. பல லட்சம் ரூபாய் இயந்திரத்தை விட ரப்பர் குழாய்க்கா மரியாதை என்று உள்ளுக்குள் பொருமினேன்.

சீனியர் அக்கா ஒன்றும் பேசவில்லை. இழுப்பறையைத் திறந்து, பேனா பருமனில் ஒரு புரோபை எடுத்தார். பென்சில் புரோப் என்போம். அதில் படமே வராது. சத்தமும் வரைபடமும் மட்டும்தான். அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. பழைய காலத்துச் சாமான், யாரோ எறிய மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பெரியவரை வலதுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தார் அக்கா. நெஞ்செலும்புக்கு வலது ஓரத்தில், மேலே, புரோபை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கரகரவென்று ஒரு சத்தம். புரோபை ஒரு மயிரிழை சாய்த்தார், சத்தம் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். சட்டென்று கரகரப்பு போய், மெலிசான கூர்மையான விசில் மாதிரி ஒரு சத்தம் எழும்பியது. "இதுதான். இப்ப அள" என்றார்.

4.3.

வர்க்கமாக்கி நான்கால் பெருக்கினால் 74. சராசரி வித்தியாசமும் 40-க்கு மேலே போயிருந்தது. 4 மீட்டரைத் தொட்டாலே அது கடுமையான சுருக்கம். நான் எழுதிய மிதமான சுருக்கத்துடன் போயிருந்தால் அடுத்த வருடம் வாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள்.

தவறு எங்கே என்றால், டாப்ளர் தனக்கு நேரே வருவதையோ நேரே விலகிப் போவதையோ மட்டும்தான் ஒழுங்காக அளக்கும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் நட்சத்திரங்களின் நிறத்தை விளக்கத்தான் இதைச் சொன்னார். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் கூர்மையாகவும், தாண்டிப் போனதும் தாழ்ந்தும் கேட்கிறதே, அதே விஷயம்தான். சாய்ந்த கோணத்தில் இருந்து கேட்டால் வேகம் குறைவாகத்தான் தெரியும். அந்தப் பெரியவரின் வால்வில் இருந்து ரத்தம் வலதுபுறமாகச் சாய்ந்து பீறிட்டுக்கொண்டிருந்தது. நுனியில் இருந்து பார்த்த எனக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய 38 டிகிரி விலகல். இயந்திரத்துக்கு அது தெரியாது. கோணம் பூஜ்யம் என்று நம்பிக்கொண்டு, நான் கொடுத்ததை அப்படியே கணக்குப் போட்டது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதுதான் கொடுமை. படம் தெளிவாக இருந்ததால்தான் வேறு இடம் தேடவே தோன்றவில்லை.

அன்றிலிருந்து அயோர்ட்டிக் வால்வு சுருக்கம் என்றால் நுனி, வலது நெஞ்சோரம், தொண்டைக்குழி என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை. அதிகபட்ச வேகம் எந்த இடத்தில் கிடைத்தது என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதுகிறேன். இதனால் ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் கூடுகிறது. வெளியே காத்திருப்பவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். தட்டட்டும்.

ரிப்போர்ட்டைப் படித்துப் பயப்படுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 'ட்ரிவியல்' லீக், அதாவது மிக லேசான கசிவு, என்று இருந்தால் அது பெரும்பாலும் நலமாக இருப்பவர்களிடமும் தென்படுவதுதான். கலர் டாப்ளரில் சிவப்பு என்றால் நல்ல ரத்தம், நீலம் என்றால் கெட்ட ரத்தம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதுவும் இல்லை. புரோபை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம். நான் புரோபை வேறு இடத்தில் வைத்தால் அதே ரத்தத்துக்கு நிறம் மாறிவிடும்.

ஆனால் எதிர்ப்பக்கத்துத் தப்பு நம்பிக்கைதான் எனக்குப் பெரிய பயம். "எக்கோ நார்மல், அப்போ அடைப்பு இல்லை." இல்லைங்க. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் அடைப்பை இதில் பார்க்க முடியாது. தசை ஏற்கெனவே அடிபட்டிருந்தாலோ, அந்த நேரத்தில் ரத்தம் போதாமல் தவித்தாலோ, அந்தப் பகுதிச் சுவர் மட்டும் சோம்பலாக அசையும். அதைத்தான் பார்க்கிறோம். பெரிய அடைப்பு இருந்தும், சும்மா படுத்திருக்கும்போது எல்லாச் சுவரும் அழகாக அசைந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது என்றால், கையில் நார்மல் எக்கோ இருந்தாலும் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அறைக்குள் படுத்திருப்பவரிடம் நான் சொல்ல முடியாது. முடிவைச் சொல்வது டாக்டர் வேலை. அதனால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தே படித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அளக்கும்போது எனக்குப் புருவம் சுருங்கும் பழக்கம். அது கவனம்தான், கெட்ட செய்தி இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

அந்தப் பெரியவர் வால்வு மாற்றிக்கொண்டு சில மாதம் கழித்து மறுபடி எக்கோவுக்கு வந்தார். படுத்ததுமே, "அந்தப் பேனா இருக்காம்மா?" என்றார். இந்த முறை நானே எடுத்தேன். வலதுபக்கம் திருப்பி, நெஞ்செலும்பின் ஓரத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். விசில் இல்லை. எங்கே சாய்த்தாலும் தாழ்ந்த, மெத்தென்ற சத்தம்தான். 2.2 மீட்டர். புது வால்வுக்கு அது சரியான வேகம். ஒலியைக் கூட்டி அவருக்கும் கேட்கவிட்டேன். கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டார்.

"இதுவா என் சத்தம்? யாரோ துணி அலசுற மாதிரில்ல இருக்கு" என்றார்.