எண்ணூரில் எண்ணெய் அள்ளப் போனபோது

2017 ஜனவரி 28 அதிகாலை, சென்னையை அடுத்த எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கசிவே இல்லை என்று முதலில் சொன்னார்களே, அதில்தான் எல்லாம் கெட்டது. எண்ணெய் கடலில் மிதக்கும்போதே மிதவைத் தடுப்பைக் கட்டி வளைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை மட்டும் வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியை வைத்து எடுத்திருக்கவேண்டும். கனமான அந்த எண்ணெய் கடல்நீரோடு கலந்து பருத்து, ஆர்.கே.நகர் குப்பம் பக்கம் கரையில் கொட்டியிருந்த பாறாங்கற்களுக்கு நடுவே வந்து அடைந்துகொண்டது.

தன்னார்வலர்களாக நாங்கள் அள்ளப் போனபோது கழிவுநீர் உறிஞ்சும் லாரிகள் நின்றிருந்தன. குழாயை விட்டால் தண்ணீர்தான் ஏறியது. கெட்டியாக ஏதாவது வந்தால் அடைத்துக்கொண்டது. கடைசியில் வாளிதான்.

கையுறை கேட்டால், மேசையில் இருந்தவர் "எந்த காலேஜ்? லெட்டர் இருக்கா?" என்றார். அவர் பின்னால் பெட்டி பிரிக்காமலேயே கிடந்தது. மல்லுக்கட்டி வாங்கியது ஆஸ்பத்திரிக் கையுறை. கல்லில் உரசியதும் கிழிந்துவிட்டது. இப்படி அள்ளப் போவதானால், யாரையும் நம்பாமல் முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை, கம்பூட், முழுக்கைச் சட்டை எல்லாம் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். துணி மாஸ்க் அந்த நெடிக்குத் தாங்காது. தலை சுற்றினால் உடனே மேலே ஏறிக் காற்று வரும் பக்கமாக உட்காருங்கள்.

அள்ளக் கற்றுக்கொடுத்தவர் குப்பத்து அண்ணன் ஒருவர். "தம்பி, வாளிய ஆழமா விடாத, தண்ணிதான் வரும். சாய்ச்சு மேலாப்புல வழி." அதன் பிறகுதான் வாளியில் எண்ணெய் நின்றது. தாரைவிட மோசமான பிசுக்கு, கவிழ்த்தாலும் விழாது. கையால் வழித்துத்தான் பேரலில் தள்ளவேண்டும்.

வயிறெரிந்தது பேரல் விஷயத்தில். இருந்ததெல்லாம் நிரம்பிவிட, அள்ளி வைத்த வாளிகளை அலை வந்து தட்டிவிட்டது. அத்தனை பேர் உழைப்பும் திரும்பக் கடலுக்கே. நாங்களும் குப்பத்து ஆட்களும் சேர்ந்து சத்தம் போட்ட பிறகு காலி பேரல் லாரி வந்தது. பாறையிலிருந்து ரோடு வரை வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினோம். இருட்டுவதற்குள் எங்கள் பக்கத்துக் கல் இடுக்கில் தண்ணீர் தெரிந்தது. அந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

"மருந்து தெளிச்சா கரைஞ்சிடுமே" என்று பலர் சொன்னார்கள். இவ்வளவு கெட்டியான பிறகு அது சரியாக வேலை செய்யாது. ஆழமில்லாத கரையோரத்தில் எண்ணெயை மீன்கள் இருக்கும் நீருக்குள்தான் இறக்கிவிடும். மணலில் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் ஊறி மேலே வரும். அள்ளியதைத் துறைமுக வளாகத்துக்குக் கொண்டுபோய் நுண்ணுயிர் கலந்து மக்க வைத்தார்கள், அதுதான் முறை.

உடம்பில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், தோல் எரியும். தேங்காயெண்ணெய் தேய்த்து வழித்துவிட்டு சோப்புப் போடுங்கள். போட்டிருந்த துணியை வீட்டுத் துணியோடு துவைக்கவேண்டாம்.