பேஸ்மென்றைத் திரும்ப எடுக்க என்12: ஒரு திகதியால் வீணான விண்ணப்பம்

சொந்தப் பாவனைக்கு வீடு வேண்டும் என்று வாடகைக்கு இருப்பவருக்குக் கொடுக்கும் அறிவித்தல் படிவம்தான் என்12. எங்கள் முதல் என்12 ஒரேயொரு திகதியால் செல்லாமல் போனது. ஒன்ராறியோவில் சொந்தப் பாவனைக்கு வீட்டைத் திரும்ப எடுக்க 60 நாள் அறிவித்தல் போதும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அறிவித்தலில் வெளியேறச் சொல்லி எழுதும் திகதி வாடகைக் காலத்தின் கடைசி நாளாகவும் இருக்கவேண்டும் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. ஜூன் 5இல் கொடுத்தால் 60 நாள் ஓகஸ்ட் 4இல் முடியும். நாங்களும் அதையே எழுதினோம். எழுதியிருக்க வேண்டியது ஓகஸ்ட் 31. (வாடகை 15ஆம் திகதி கட்டுகிற ஒப்பந்தம் என்றால் ஓகஸ்ட் 14.) வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் சபையில் (எல்டிபி) மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த விசாரணை சில நிமிடங்களில் முடிந்தது. மறுபடி அறிவித்தல், மறுபடி 60 நாள், மறுபடி கட்டணம். காசு வாங்கிப் படிவம் நிரப்பித் தந்தவருக்கும் அது கண்ணில் படவில்லை.

ஒரு வருட லீஸ் முடிந்தால் வாடகைக்கு இருப்பவர் எழும்பவேண்டும் என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். அது தானாகவே மாதாந்த வாடகையாகத் தொடரும். வீட்டை விற்கப்போகிறோம் என்பதும் காரணமாகாது. வாங்குபவரோ அவருடைய குடும்பமோ அங்கே குடிவரவேண்டும், விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும், கட்டடத்தில் மூன்று வீடுகளுக்கு மேல் இருக்கக்கூடாது.

யாருக்காக எடுக்கலாம்? உங்களுக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, இருவரில் ஒருவரின் பிள்ளைக்கு, பெற்றோருக்கு, இவர்களைப் பராமரிக்க வருபவருக்கு. ஊரிலிருந்து வரும் தம்பி, அக்காவின் மகன் எல்லாம் நமக்குக் குடும்பம்தான், சட்டத்துக்கு இல்லை. வீடு கொம்பனியின் பெயரில் இருந்தால் சொந்தப் பாவனைக்கென்று என்12 கொடுக்கவே முடியாது. குடிவருபவர் குறைந்தது ஒரு வருடம் இருக்கும் எண்ணத்தோடு வரவேண்டும். வெளியேற்ற உத்தரவு கேட்டு சபைக்குப் போடும் எல்2 விண்ணப்பத்தோடு போகும் சத்தியக் கடதாசியில் அவர்தான் கையெழுத்து வைக்கவேண்டும், நீங்கள் அல்ல.

60 நாள் அறிவித்தல் என்றால் வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு மாத வாடகையை நட்டஈடாகக் கொடுக்கவேண்டும், அதுவும் அறிவித்தலில் உள்ள திகதிக்குள். கடைசி மாதத்துக்கென்று முதலிலேயே வாங்கி வைத்த காசு இதில் சேராது. இ-ட்ரான்ஸ்பர் செய்து, போய்ச் சேர்ந்த பதிவைப் படம் எடுத்து வையுங்கள்.

அறிவித்தலைக் கொடுக்கிற விதத்திலும் வழுக்கலாம். வட்ஸ்அப் செல்லாது. மின்னஞ்சலுக்கு வாடகைக்கு இருப்பவர் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். கதவில் ஒட்டினாலும் செல்லாது, கதவுக்கு அடியால் தள்ளினால் செல்லும். தபால் என்றால் 5 நாள் கூட்டுங்கள். இரண்டாவது தடவை நாங்கள் கையிலேயே கொடுத்து, எப்போது, எப்படிக் கொடுத்தோம் என்று காட்டும் சேவைச் சான்றிதழை அன்றைக்கே நிரப்பினோம். அந்தப் பக்கம் ஒரு கேள்வியும் வரவில்லை!

60 நாள் முடியும்வரை எல்2 போடக் காத்திருக்கத் தேவையில்லை, அறிவித்தல் கொடுத்த அடுத்த நாளே போடலாம். ஆனால் அறிவித்தலில் உள்ள திகதி கழிந்து 30 நாளுக்குள் போடாவிட்டால் முழுவதும் வீண்.

வாடகை பாக்கி என்றால் வழி வேறு, என்4 என்ற அறிவித்தல். அதில் வாடகையை மட்டும் எழுதுங்கள். ஹைட்ரோ பில்லையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்து எழுதி என்4ஐக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். அதில் உள்ள திகதிக்கு முன் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்த அறிவித்தலும் செத்தது.

சபையின் உத்தரவு கிடைத்தாலும் பூட்டை நீங்களாக மாற்றக்கூடாது, உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிப்தான் வரவேண்டும். வீடு காலியான பிறகு ஒரு வருடத்துக்குள் வாடகைக்கோ விற்பனைக்கோ விளம்பரம் போட்டால் கெட்ட எண்ணத்தோடு எழுப்பியதாகவே கருதப்படும். இல்லையென்று நிரூபிப்பது உங்கள் தலையில்.